ஆறுமுக நாவலரும் அச்சுப் பொறியும்

தென்னார்க்காட்டுச் சீமை என முன்னாளில் வழங்கிய நிலப்பரப்பின் வடகீழ்ப் பகுதியில், புதுச்சேரிக்கு வடக்கே, கடலுக்கு அணித்தாகக் குயிலாப்பாளையம் என்னும் ஊர் உள்ளது. இந்நாளில் அது விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்தது. அதனை அடுத்துள்ள இரும்பை, திருஞானசம்பந்த சுவாமிகளின் திருப்பதிகம் பெற்ற மாகாளம். அத்திருப்பதிகத்தை ஓத விரும்பும் குயிலாப்பாளையத்துச் சிறுவன் ஏடு தேடி எவர் வாயிலிலும் நிற்க வேண்டுவதில்லை. அச்சிட்ட புத்தகத்தை விரித்து ஓதுகின்றான். அதிலுள்ள பாடம் சரியோ பிழையோ என்று அவன் ஐயுறுவதுமில்லை. இந்நம்பிக்கை தானே விளைந்ததன்று. அதனை விளைத்தோருள் முன்னிற்பவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். அச்சீமையிலேயே அவர் புகழும் விளங்கிற்று. அவர் பெயரோடு கூடிய பெரும்பூசலும் எழுந்தது.

நாவலர் பிறந்தது 1822ஆம் ஆண்டு. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் அச்சுப் பொறி பாதிரிமார் கையிலே இருந்தது. அமெரிக்க மிஷனார் துண்டுப் பிரசுரங்களும் பள்ளிப் புத்தகங்களும் அச்சிட்டு ஊர்தோறும் பரப்பினர். 1841இல் ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகையையும் தொடங்கினர். எழுத்தறிய விரும்பிய சைவப் பிள்ளை அவர்கள் பள்ளிக்கே செல்லல் வேண்டும். அங்கே அவன் முதலிற் கற்ற வாசகங்களில் தன் தாய் தந்தையர் வழிபடும் தெய்வம் இகழப்படுதலையுங் கண்டான். பாதிரிமாரைக் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் தங்கள் கொள்கைக்குரிய கடமையை ஊக்கத்தோடு செய்தனர். ஏடுகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய சைவர்களே தங்கள் கடமையை மறந்திருந்தனர் என்க.

நாவலர் இதனை உள்ளிருந்தே அறிந்தவர். வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த பேர்சிவல் பாதிரியாரிடம் ஆசிரியராயிருந்து, விவிலிய நூலைத் தமிழாக்கும் பணியில் அவருக்குத் துணைபுரிந்தார். ஒரு சொல்லைப் பலமுறை ஆராய்ந்து, ஒத்துப்பார்த்து, திருத்தி, அதன் பின்னரே அச்சிற் கொடுக்கும் முறையை அங்கே கண்டார். 1848இல் அவ்வேலையை விடுத்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பள்ளி அமைந்தது, பிள்ளைகள் கையிற் கொடுக்கப் புத்தகம் இல்லை. மறுவருடம் அச்சுப் பொறி வாங்கும் பொருட்டுச் சென்னைக்குச் சென்றார். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் நல்கினர். வாங்கிய பொறியை யாழ்ப்பாணத்தில் வித்தியாநுபாலன யந்திரசாலை என்னும் பெயரோடு நாட்டினார்.

அப்பொறியினின்று வெளிப்போந்தவற்றுட் பெரியபுராண வசனம் (1852), ‘சைவதூஷண பரிகாரம்’ (1854) என்பன அறிஞர் நன்கறிந்தவை. ஆயினும் பாலபாடங்களைப் பற்றியே சிறிது விரித்துரைத்தல் தகும். அக்காலத் திண்ணைப் பள்ளியில் பொருள் விளங்காமலே பாட்டுக்களை நெட்டுருப் பண்ணுதலே கல்வியாயிருந்தது. நாவலரோ எழுத்தில் தொடங்கிச் சிறுசொல், சிறுவாக்கியம் எனப் படிப்படியாக ஏற்றினார். நான்காம் பாலபாடத்திற் கடவுள், ஆன்மா என்னும் பொருள்களோடு கொலை, களவு, கள்ளுண்ணல் முதலியவற்றின் தீமையும் தெளிந்த வசன நடையில் விளக்கப்பட்டன. ஆங்கில நூல்களிற் கண்ட நிறுத்தக் குறிகளைத் தமிழ் வசனத்தில் முறையாகக் கையாண்டார். பிறர் முறையில் நன்று கண்டவிடத்துக் கொள்ளுதற்கு அவர் நாணவில்லை. புலவர் உலகில் நிகண்டும் இலக்கணமுமாய்ப் பேசிய ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளைக்காக வாக்கியத்தைச் சுருக்கி எழுத இருந்தாரெனின், அத்தாழ்மை எளிதன்று.

அச்சின் இயல்பையும் அவர் நன்குணர்ந்திருந்தார். ஏட்டிற் புகுந்த பிழை ஓர் ஏட்டோடும் அதன் படிகளோடும் நிற்கும். அச்சிற் புகுந்த பிழையோ ஒருநாளில் நூற்றுக்கணக்கான படிகளிலேறும். ஒப்புநோக்க வேறு ஏடில்லாத எளியவன் அதனையே மெய்ப்பாடமென மனனஞ் செய்வான். ஆதலின் நாவலர் பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கிய பின்னரே நூல்களை வெளியிட்டார். இராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவரின் வேண்டுகோளால் திருக்கோவையாருரையையும், 1861இல் பரிமேலழகருரையோடு கூடிய திருக்குறளையும் அச்சிட்டார். 1868இல் சி. வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு வெளியிட்டபோது, அதனைப் பரிசோதித்தவரும் நாவலரே. நாவலர் பதிப்பு என்றால் பிழையற்றது என்னும் பேச்சு இவ்வாறு எழுந்தது.

1864இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவினார். 1876 முதல் யாழ்ப்பாணத்திற் பஞ்சம் பரவியபோது கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்ததோடு, அரசாங்க ஏசண்டாயிருந்த துவைனந் துரையின் ஆட்சிமுறையைக் கண்டித்தும் எழுதினார். எனினும் அவர் பணிக்கு ஓர் எல்லை இருந்ததை மறைத்தலாகாது. சாதியாசாரத்தை அவர் விட்டு நீங்கவில்லை. அச்சு எல்லார்க்கும் பொதுவாயிற்று. அவர் பள்ளியின் வாயில் அவ்வாறு பொதுவாகவில்லை.

இனி, முற்கூறிய பூசலைப் பார்ப்போம். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் இராமலிங்க சுவாமிகளின் பாடல்களைத் ‘திருவருட்பா’ என்னும் பெயரால் அச்சிட்டு வெளிப்படுத்தினார். அருட்பா என்னும் பெயர் திருமுறைகளுக்கே உரியது என்பது நாவலர் கொள்கை. அவர் ‘போலியருட்பா மறுப்பு’ எழுதினார். எதிர்ப்பக்கத்தாரும் வாளா இருக்கவில்லை. 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் ஏறிற்று. கொள்கை மறுப்பு நூலுக்கு உரியதே. ஆனால் இருபாலும் வெளிவந்த எழுத்துக்களில் ஆளைப் பழித்தல் பொருளை ஆராய்தலை விஞ்சிற்று. ஓர் எழுத்துப் பிழைக்கு அஞ்சிப் பல பிரதிகளை ஒப்புநோக்கிய நாவலர் இவ்விடத்து அத்துணை அமைதி காட்டினாரல்லர் என்றே சொல்ல வேண்டும்.

இராமலிங்க சுவாமிகள் 1874இல் மறைந்தார். நாவலர் 1879இல் இறையடி சேர்ந்தார். பூசலோ அவர்களோடு ஒழியவில்லை. நா. கதிரைவேற் பிள்ளை மறுப்பைப் புதுப்பித்தார். அருட்பாவின் பக்கம் நின்று செய்குத்தம்பிப் பாவலர் மேடைதோறும் முழங்கினார். மீண்டும் வழக்கு நேர்ந்தது. கதிரைவேற் பிள்ளையின் மாணாக்கராகிய திரு. வி. கலியாணசுந்தரனார் அவ்வழக்கிற் சாட்சியாகச் செல்ல நேர்ந்தமையாற் பள்ளி இறுதித் தேர்வை எழுதாது போயினார். துண்டுப் பிரசுரப் போர் ஓர் இளைஞரின் படிப்பைக் கொண்டுபோயிற்று.

அவ்விளைஞர் பிற்காலத்திற் பத்திரிகையாசிரியரானார். 1917இல் ‘தேசபக்தன்’, 1920இல் ‘நவசக்தி’ என்பவற்றை நடத்தி, வன்சொல்லின்றி மாற்றுக் கருத்தை எழுதும் ஒரு நடையைத் தமிழிற் பழக்கினார். அருட்பாவை அவர் மீண்டும் எடுத்து, இம்முறை ஆசிரியரின் கண்ணாலன்றித் தம் கண்ணாற் படித்தார். பின்னர் ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ என்னும் நூலை எழுதி அச்சிட்டனர்.