இரக்கம் ஒழுங்கு பெற்ற வரலாறு

உரோமை மாநகரின் நடுவே, பேருந்துகள் இடைவிடாது ஓடும் ஒரு சந்திப்பில், சாலை மட்டத்திற்குப் பல அடி கீழே ஒரு பழைய உலகம் திறந்து கிடக்கிறது. தோரே அர்ஜெந்தீனா சதுக்கம் என்பது அதன் பெயர். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்த நான்கு கோயில்களின் தூண்களும் படிகளும் அங்கே உள்ளன. கி.மு. 44ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்ட மன்றமும் அக்கோயில்களை ஒட்டியே இருந்தது. ஆயினும், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே நோக்கும் பயணிகளின் கண்ணில் முதலில் படுபவை, அத்தூண்களின்மேல் வெயில் காயும் பூனைகளே.

சீசரின் வரலாற்றை எழுதியோர் பலர். இப்பூனைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கைவிடப்பட்ட, நோயுற்ற உயிர்கள்மீது மனிதர் கொண்ட இரக்கம் எவ்வாறு ஒழுங்கு பெற்றது என்பதே அவ்வரலாறு.

1926ஆம் ஆண்டு அப்பகுதியில் புதிய கட்டடங்கள் எழுப்புவதற்காகப் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. அப்போது கோயில்கள் வெளிப்படவே, கட்டடத் திட்டம் கைவிடப்பட்டு அகழாய்வு தொடர்ந்தது; 1929ஆம் ஆண்டு அவ்விடம் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. வண்டிகளின் சக்கரம் எட்டாத பள்ளம், ஒதுங்கக் கல்லிடுக்குகள், குளிர்நாளில் காய வெயில் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த அவ்விடம் தெருப் பூனைகளுக்குப் புகலிடமாயிற்று. வளர்க்க மனமில்லாதோரும் தம் வீட்டுப் பூனைகளை அங்கே கொண்டுவந்து விட்டுச் சென்றனர்.

பூனைகளைத் தேடிப் பெண்கள் சிலர் உணவுப் பொட்டலங்களுடன் வந்தனர். இத்தகைய பெண்ணை உரோமையர் 'கத்தாரா' என்பர். 'பூனைக்காரி' என்பது அதன் பொருள்; ஏளனமும் அதில் கலந்திருந்தது. தனித்து வாழும் முதியவள், சற்றே மனம் பேதலித்தவள் என்பதே அச்சொல் எழுப்பிய சித்திரம். ஆனால் புகழ்பெற்ற திரைப்பட நடிகை அன்னா மஞ்ஞானியும் (1908-1973) இப்பூனைகளுக்கு உணவிட்டவர்களுள் ஒருவர் என்று உரோமையர் பெருமையுடன் நினைவுகூர்கின்றனர்.

எனினும், உணவு மட்டும் போதவில்லை. பூனையின் சூல்காலம் ஏறத்தாழ 9 வாரங்களே. ஓராண்டில் இருமுறையோ மும்முறையோ அது குட்டி ஈனக்கூடும். உணவு கிடைக்கும் இடத்தில் கூட்டம் பெருகும். கூட்டம் பெருகிய இடத்தில் நோய் பரவும். கண்ணையும் மூச்சையும் தாக்கும் சளிநோயால் குட்டிகள் சில பார்வையிழக்கும், பல மடியும். பூனைகளுக்கு இரத்தப் புற்றை உண்டாக்கும் நச்சுயிரியை 1964ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் வில்லியம் ஜாரெட் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் மற்றொரு நச்சுயிரி 1986ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது. இது பெரும்பாலும் கடிகாயத்தின் வழியாகவே பரவுகிறது. கருத்தடை செய்யப்பட்ட ஆண்பூனைகளிடையே சண்டை குறையும். அதனால் கடியும் குறையும். ஆகவே, பெருக்கத்தைத் தடுப்பது நோயைத் தடுக்கும் வழியும் ஆயிற்று. உணவிடுவதோடு நின்றுவிடும் அன்பு, தான் போக்க நினைத்த துன்பத்தையே பெருக்கிவிடவும் கூடும்.

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாளிட்ட இத்தாலியச் சட்டம் இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டது. தெருவில் வாழும் பூனைகளைத் துன்புறுத்தலாகாது. பொது நலத்துறையினர் அவற்றுக்குக் கருத்தடை செய்து, அவை வாழ்ந்த கூட்டத்திலேயே மீண்டும் விடவேண்டும். கடுமையான நோயுற்றவையும் தீரா நோய் கொண்டவையும் தவிர வேறெதையும் கொல்லலாகாது என்று அது விதித்தது. 1993ஆம் ஆண்டு முதல், தோரே அர்ஜெந்தீனாவில் சாலைக்கு அடியிலிருந்த குகை போன்ற இடத்தில் இரு பெண்களின் உழைப்பால் ஒரு காப்பகம் உருப்பெற்றது. பயணிகள் தரும் நன்கொடையால் அங்கே மருந்து வாங்கப்பட்டது, கருத்தடை செய்யப்பட்டது. நலமடைந்த பூனைகளுக்கு வீடுகள் தேடித் தரப்பட்டன. பார்வையற்றவையும் கால் இழந்தவையும் அங்கேயே பேணப்பட்டன. ஏளனத்திற்கு ஆளான 'கத்தாரா' இப்போது கணக்கேடும் மருந்துப் பெட்டியும் கையில் கொண்டவரானார்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. 2012ஆம் ஆண்டு, பழஞ்சின்னங்களின்மீது உரிய அனுமதியின்றி அமைந்த காப்பகம் அகலவேண்டும் என்று தொல்பொருள் அதிகாரிகள் வற்புறுத்தினர். அவர்கள் கூற்றிலும் நியாயம் இருந்தது. கோயில்களைக் காப்பது அவர்கள் கடமை. ஆனால் உரோமை மக்களும் பிற நாட்டினரும் காப்பகத்துக்காகக் குரல் எழுப்பினர், அது நிலைத்தது.

இதனினும் ஆழமான வினா ஒன்று உண்டு. ஏழை மனிதர் பசித்திருக்கையில் பூனைக்குப் பணம் செலவிடுதல் தகுமா? 1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இவ்வினாவைத் தவிர்க்கவில்லை. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது என்கிறது. மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. இவ்விரு கூற்றுகளையும் சேர்த்தே படிக்கவேண்டும். முதலாவதை மட்டும் பற்றிக்கொள்வோர் வாயிலில் நிற்கும் மனிதரைக் காணாமற்போவர். இரண்டாவதை மட்டும் பற்றிக்கொள்வோர் ஏழையின் பெயரைச் சொல்லிப் பூனையைத் துரத்திவிட்டு, ஏழைக்கும் ஒன்றும் கொடாதிருப்பர். வீண் ஆடம்பரத்தில் கரையும் பணத்தைக் கேள்வி கேளாமல், நோயுற்ற உயிருக்கான மருந்தை மட்டும் கணக்குப் பார்ப்பது நேர்மையாகுமா என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவ்விடிபாடுகளுக்குள் நடைபாதை அமைக்கப்பட்டுப் பொதுமக்கள் இறங்கிப் பார்க்க வழி திறந்தது. பூனைகள் அங்கிருந்து அகற்றப்படவில்லை. கல்லையும் உயிரையும் ஒருசேரக் காக்க அந்நகரம் கற்றுக்கொண்டது. அதைக் கற்பித்தோருள், பிறர் நகைத்தபோதும் உணவுப் பொட்டலத்துடன் அங்கே வந்த எளிய பெண்களும் உள்ளனர்.