கூலிம் ஆறும் ஆலைக் கழிவும்

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். நீரை அவ்வாறு போற்றிய மரபில் வந்த நாம், நம் தோட்டங்களின் ஓரத்தில் ஓடிய ஆறுகளின் வரலாற்றை எழுதி வைத்தோமில்லை.

கூலிம் வட்டாரத்தில் தோன்றும் சுங்கை கூலிம், மேற்கே ஓடிச் செபராங் பிறை புகுந்து, ஜாராக், கெரே ஆறுகளோடு கூடிப் பிறை ஆறாகிக் கடலிற் கலக்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தில் ஈயச் சுரங்கங்கள் எழுந்தன. ஈயமண் கழுவிய நீர் ஆறுகளில் வண்டலைச் சேர்க்கும் தன்மையது. அடுத்த நூற்றாண்டில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் வைகறையில் மரம் சீவிச் சேர்த்த பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. அமிலமிட்டு உறையவைத்தபின் எஞ்சிய புளித்த நீர் கழிவாயிற்று. பின்னர்ச் செம்பனை வந்தது. ஒரு டன் எண்ணெய் எடுக்க ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வெளிப்படும்.

"பழத்தின் கழிவுதானே, இதில் நஞ்சேது?" என வினவலாம். நஞ்சில்லை என்பது உண்மையே. ஆயினும், நுண்ணுயிர்கள் அக்கழிவை உண்ணும்போது நீரிற் கரைந்துள்ள உயிர்வளி தீர்ந்துபோகின்றது. மீன்கள் மூச்சின்றி மடிகின்றன. இவ்வகையில் அது வீட்டுச் சாக்கடை நீரினும் ஏறத்தாழ நூறு மடங்கு கடுமையானது.

1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1977இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் பிறந்தன. செம்பனைக் கழிவின் உயிர்வளித் தேவை 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்தது; அவ்வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1984இல் 100 ஆயிற்று. ஆலைகள் மூடப்படவில்லை, குளங்களை வெட்டி, நுண்ணுயிர்களைக் கொண்டே கழிவைச் செரிக்கச் செய்தன. சட்டமும் அறிவியலும் கைகோத்தால் தொழிலும் ஆறும் ஒருங்கே வாழலாம் என்பதற்கு இது சான்றாகும்.

எனினும், ஒரு வாயிலை அடைத்தால் பிற வாயில்கள் தாமே அடைபடா. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது, நகரம் வளர்ந்தது. நகரம் வளர, அதன் சாக்கடையும் குப்பையும் வளரும்.

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆற்றில் குளித்து வளர்ந்தோர் அருகி வருகின்றனர். ஆசிரியர்களே, அந்த ஆறு எந்நாளில் நாற்றமெடுத்தது, எந்நாளில் மீன் மறைந்தது எனத் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதி வருமாறு மாணவர்களைப் பணியுங்கள். அவ்வேடுகளே நம் ஆற்றின் முதல் வரலாறாக அமையும்.