ஏழாயிரம் டாலர் வீடு

1947-ஆம் வருஷம் நியூயார்க் நகரத்தில் ஹட்ஸன் தெரு 555-ஆம் எண் வீடு 7,000 டாலருக்குக் கைமாறியது. வீடு என்று மரியாதைக்குச் சொல்லலாம். கீழே ஒரு காலத்தில் மிட்டாய்க் கடையாக இருந்த கூடம். அதன் தலைமேல் இரண்டு மாடி. வாங்கியவர்கள் இளம் தம்பதிகள். கணவர் ராபர்ட் ஜேக்கப்ஸ் கட்டடங்களுக்குப் படம் போடுகிறவர். மனைவி ஜேன் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவர். ஸ்க்ராண்டன் என்ற நிலக்கரி ஊரிலிருந்து 1934-இல், பதினெட்டு வயதில், வேலை தேடி நியூயார்க் வந்து சேர்ந்தவர். கொலம்பியா சர்வகலாசாலையில் இரண்டு வருஷம் தமக்குப் பிடித்த பாடங்களையெல்லாம் படித்துவிட்டு, பட்டம் வாங்காமலே வெளியே வந்துவிட்டார். பிற்காலத்தில் பட்டம் வாங்கிய பெரிய மனிதர்கள் பலருடைய தூக்கத்தை இந்த அம்மாள் கெடுக்கப் போகிறார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அந்தத் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிரீனிச் வில்லேஜ் என்ற பகுதியின் மேற்குக் கோடி அது. ஹட்ஸன் நதித்துறையில் மூட்டை இறக்குபவர்கள், தொழிற்சாலைக்காரர்கள், தையற்காரர், பூட்டுச் சாவிக்காரர், முடிதிருத்துபவர், சலவைக்காரர் எல்லாரும் ஒரே வீதியில் இருந்தார்கள். கதவைத் திறந்தால் நடைபாதை. ரொட்டி வேண்டுமா, பொத்தான் வேண்டுமா, செருப்புத் தைக்க வேண்டுமா, எல்லாம் கால்நடையாகப் போய்வரும் தூரத்தில் கிடைத்தன. ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியைத் தின்பண்டக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவரும் சாவியை வாங்கி வைத்துக்கொள்வாரே தவிர, யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று துருவிக் கேட்க மாட்டார். சில வாசல் தள்ளி 'ஒயிட் ஹார்ஸ்' என்ற மதுக்கடை. வேல்ஸ் தேசத்துக் கவி டிலன் தாமஸ் 1953-இல் காலமாவதற்கு முன் அங்கேதான் பொழுதைக் கழித்தார். குடிகாரர்கள் வந்து போகிற தெருவில் குழந்தை குட்டிகளோடு எப்படிக் குடியிருப்பது என்று நமக்குக் கூச்சம் தட்டும். ஆனால் நடுநிசி வரையில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறதே, அதுதான் காவல் என்பது ஜேன் அம்மாளின் கட்சி. அவர் ஆபீஸுக்குச் சைக்கிளில் போய் வந்தார்.

அதே 1947-இல், நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில் வில்லியம் லெவிட் என்பவர் அச்சில் வார்த்தாற்போல வீடுகளைக் கட்ட ஆரம்பித்தார். ஊருக்கு லெவிட்டவுன் என்று தம் பெயரையே வைத்துக்கொண்டார். முதலில் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வாடகைக்கு விட்டார். 1949-இல் விற்பனைக்கு இறங்கினார். விலை 7,990 டாலர். சிப்பாயாக இருந்தவர் கையிலிருந்து ஒரு காசும் முன்பணம் போட வேண்டியதில்லை. சலவை இயந்திரம் வீட்டோடு வந்தது. மறு வருஷ மாதிரியில் டெலிவிஷனும் சுவரில் பதித்துக் கொடுத்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். 1951-க்குள் 17,000 வீடுகளுக்கு மேல் எழும்பிவிட்டன.

ஆக, ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு விதமான வீடு. ஒன்றில் மோட்டார் கார் இல்லாமல் ஆயுசு முழுவதும் ஓட்டிவிடலாம். மற்றதில் தோட்டமும் வெளிச்சமும் உண்டு. வேலைக்குப் போக மட்டும் கார் வேண்டும், அல்லது ரெயில் வேண்டும். லெவிட்டைக் கேலி செய்வது சுலபம். எழுத்தாளர்கள் நிறையச் செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. யுத்தம் முடிந்து மாமனார் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துக் கிடந்த ஒரு குடும்பத்துக்குத் தனி வீடு என்பது சாதாரண விஷயமா? ஊருக்கு நடுவே கடைகளும் விளையாட்டு மைதானமும் அவர் வைக்கத்தான் செய்தார். நான் கேட்கிற கேள்வி வேறு. இந்த இரண்டு வீடுகளில் எதை வாங்க விரும்பினாலும் கடன் கிடைத்திருக்குமா?

கிடைத்திராது. அதைப் புரிந்துகொள்ள 1933-க்குப் போக வேண்டும்.

அதற்கு முன்னெல்லாம் அமெரிக்காவில் வீட்டுக் கடன் என்பது நம்மூர் லேவாதேவி மாதிரிதான் இருந்தது. விலையில் பாதியைக் கையிலிருந்து போட வேண்டும். மீதிக்கு மூன்று முதல் ஐந்து வருஷத் தவணை. அதுவரை வட்டி, முடிவில் அசல் மொத்தமும். பொருளாதார மந்தம் வந்தபோது அந்த அசலைப் புரட்ட முடியாமல், 1933-இல் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் வீடுகள் கடன்காரர் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் சர்க்கார் ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, சுமார் பத்து லட்சம் வீடுகளை நீண்ட தவணைக்கு மாற்றிக் காப்பாற்றியது. புண்ணிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அதே ஸ்தாபனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வர்ணப் படம் தயாரித்தது. நல்ல பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், அதற்கடுத்து மஞ்சள், ஆபத்தானதற்குச் சிவப்பு. பழைய வீடு, நெருக்கமான வீடு, கடையோடு ஒட்டிய வீடு, வந்தேறிகள் குடியிருக்கும் வீதி, முக்கியமாக நீக்ரோக்கள் என்று அப்போது சொல்லப்பட்ட கறுப்பு மக்கள் குடியிருக்கும் வீதி, இவையெல்லாம் சிவப்பை நோக்கிப் போயின.

அந்தப் படத்தை வங்கிக்காரர்கள் எவ்வளவு தூரம் பார்த்தார்கள் என்று சரித்திரக்காரர்கள் இன்றைக்கும் வழக்காடுகிறார்கள். வழக்கே தேவையில்லாத சாட்சி ஒன்று உண்டு. 1934-இல் பிறந்த கூட்டரசு வீட்டுக்கடன் இலாகா, வங்கி கொடுக்கும் கடனுக்குச் சர்க்கார் ஜாமீன் நின்றது. எந்த வீட்டுக்கு ஜாமீன் நிற்கலாம் என்று அதிகாரிகளுக்கு ஒரு கையேடும் போட்டது. தனித்தனியாக, நாலு புறமும் இடம் விட்டுக் கட்டிய வீடு உசத்தி. கடையும் குடித்தனமும் கலந்த வீதி மட்டம். ஒத்துப்போகாத இனத்தார் கலந்து வாழும் இடத்தைத் தவிர்க்க வேண்டும் என்றும் அந்தக் கையேடு கூறியது. லெவிட்டவுன் வாடகைப் பத்திரத்தில் வெள்ளை இனத்தார் அல்லாதவர் வேலைக்காரராக அன்றிக் குடியிருக்கக் கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தது. சிப்பாயாகப் போய் யுத்தம் செய்துவிட்டு வந்த கறுப்பு மனிதருக்கும் அதே ஷரத்துதான். இப்படிப்பட்ட நிபந்தனைகளைக் கோர்ட்டு அமல்படுத்தக் கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; வீட்டு விஷயத்தில் நிறபேதம் பார்ப்பதையே சட்டம் தடுத்தது 1968-இல்தான்.

நடந்து வாழக்கூடிய பழைய தெருக்கள் இதனால் என்ன ஆயின என்பதற்குப் பாஸ்டன் நகரத்து நார்த் எண்ட் நல்ல உதாரணம். ஊரின் மிகப் பழைய மூலை அது. சுதந்திரப் போராட்டத்தில் குதிரையேறிப் போய்ச் செய்தி சொன்ன பால் ரெவியரின் மரவீடு இன்றும் அங்கே நிற்கிறது. பிற்பாடு இத்தாலியர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். நகரத் திட்டக்காரர்களின் கணக்கில் அது சேரி. 1959-இல் ஜேன் அம்மாள் அங்கே போய்ப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முன் நெரிசலும் அழுக்குமாகக் கண்ட இடம் வெள்ளையடித்து, ஜன்னல் மாற்றி, காய்கறிக் கடையும் கறிக்கடையுமாகக் களை கட்டியிருந்தது. இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். 15,000 பேர் வசித்த அந்தப் பகுதியில், மந்தம் தொடங்கியது முதல் கால் நூற்றாண்டில் வங்கிகள் கொடுத்த மிகப் பெரிய வீட்டுக் கடன் 3,000 டாலர்தானாம். அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் சொந்தச் சேமிப்பு. அதோடு, தச்சர் ஒருவர் கொத்தனார் வீட்டுக்குக் கதவு போட்டுக் கொடுப்பார். கொத்தனார் அவர் வீட்டுச் சுவரைப் பூசிக் கொடுப்பார். சுற்றிச் சுற்றி உழைப்பே நாணயமாகப் புழங்கியது. உள்ளூர் விவரம் தெரிந்த திட்டக்காரர் ஒருவரிடமே இதைச் சொன்னபோது, புள்ளி விவரம் நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அது சேரிதான் என்று அவர் விடாப்பிடியாக இருந்தாராம். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். மனிதர் தம் கண்ணை நம்பவில்லை, வங்கிக் குமாஸ்தாவின் பேனாவை நம்பினார்.

நார்த் எண்ட் பிழைத்தது. அதே பாஸ்டனில் அதற்கு அண்டையிலிருந்த வெஸ்ட் எண்ட் பிழைக்கவில்லை. 1949-ஆம் வருஷத்து வீட்டுச் சட்டப்படி, ஒரு நகரம் சேரி என்று முடிவு செய்த பகுதியைக் கட்டாயமாக வாங்கி, இடித்து, மனையைக் கம்பெனிகளுக்கு மலிவாக விற்கலாம்; அதில் வரும் நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை வாஷிங்டன் ஏற்கும். இந்த ஏற்பாட்டின்படி 1958-இல் இடிக்கத் தொடங்கி, சுமார் 2,700 குடும்பங்களை வெளியேற்றிவிட்டார்கள். பெரும்பாலோர் குடிக்கூலிக்காரர்கள். வீட்டுக்குச் சொந்தக்காரருக்காவது ஏதோ ஒரு விலை கிடைத்தது. தெருவின் மேல் இருந்த பாத்தியதைக்கு யார் விலை போடுவார்கள்? ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூக ஆராய்ச்சியாளர் இடிப்புக்குச் சற்று முன் எட்டு மாதம் அங்கேயே ஜாகை பிடித்து இருந்து 1962-இல் புத்தகம் எழுதினார். அது சேரி அல்ல, குறைந்த வாடகைப் பகுதி, அவ்வளவே என்பது அவர் முடிவு. மார்க் ஃப்ரீட் என்ற மனோதத்துவ நிபுணர் வெளியேறிய பெண்களைப் பின்னால் விசாரித்தபோது, கிட்டத்தட்டப் பாதிப் பேர் உறவினரைப் பறிகொடுத்தவர்கள் போல நெடுநாள் துக்கித்ததாகக் கண்டார். இடித்த இடத்தில் பணக்காரர்களுக்கான உயரக் கட்டடங்கள் வந்தன. பக்கத்துச் சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்ட கார்க்காரர்கள் பார்வையில் படும்படி, இங்கே குடியிருந்தால் இந்நேரம் வீடு சேர்ந்திருப்பீர்கள் என்ற பொருளில் ஒரு பலகை வைத்தார்கள். அந்த வாசகத்தை எழுதியவருக்கு, இங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற நினைப்பே வந்திருக்காது.

வெஸ்ட் எண்டின் கதி 1961 பிப்ரவரியில் ஹட்ஸன் தெருவின் கதவைத் தட்டியது. ஜேன் அம்மாளின் வீடு உட்படப் பதினான்கு வட்டாரங்களைச் சீரழிந்த பகுதியாகக் கருதி ஆராயப் போவதாக நியூயார்க் நகரசபை அறிவித்தது. அப்போதுதான் அவர் பெரிய நகரங்களின் சாவையும் வாழ்வையும் பற்றிய தம் புத்தகத்தை எழுதி முடித்திருந்தார். ஏட்டில் எழுதியதை உடனே வாசலில் நிரூபிக்க வேண்டி வந்துவிட்டது! அக்கம்பக்கத்தார் குழுச் சேர்த்தார்கள். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். இடிக்கப் போகிற வீட்டுக்குப் பெருக்கல் குறி போடுவது வழக்கமாகையால், கறுப்புக் கண்ணாடியில் அதே குறியை ஒட்டிக்கொண்டு நகரசபைக்குப் போனார்கள். 1962-இல் நகரசபை பின்வாங்கியது. அத்துடன் நிற்காமல், ஒரு குடித்தனத்தையும் கிளப்பாமல், காலி மனைகளில் மட்டும் எளிய வீடுகள் கட்டலாம் என்று அவர்களே திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் இழுபறியாகி, 1970-களின் நடுவில் அவை எழுந்தன.

வியட்நாம் யுத்தத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப மனமில்லாமல் 1968-இல் அந்தக் குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. டொரண்டோவிலும் கடை கண்ணிக்கு நடந்து போகக்கூடிய ஒரு பழைய வட்டாரத்தில்தான் வீடு வாங்கினார்கள். அங்கேயும் வட்டாரத்தைப் பிளந்துகொண்டு ஒரு நெடுஞ்சாலை வரவிருந்தது, மறுபடி போராட்டம், 1971-இல் அது நின்றது. 2006-இல் காலமாகும் வரை அந்த அம்மாள் அந்த ஊரை விடவில்லை.

ஹட்ஸன் தெரு 555-ஆம் எண் 2009-இல் மறுபடி விலைக்கு வந்தது. முப்பது லட்சம் டாலருக்கும் மேல் போயிற்று. இந்தத் தொகையைக் கொடுத்து வாங்கக் கூடியவர்களில் மூட்டை இறக்குகிறவர் இருக்க முடியாது; பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவரும் இருக்க முடியாது. வெற்றியே ஒரு தெருவைக் கெடுத்துவிடும் என்று ஜேன் அம்மாள் தம் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே எழுதியிருந்தார். ஆனால் நோயைக் கண்ட அளவுக்கு மருந்தைக் கண்டாரா என்று பின்வந்தவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மூவாயிரத்துக்கு மேல் பெயராத நார்த் எண்டிலும் அதே கதைதான். 1950-களில் அதை நகரத்திலிருந்து வெட்டிப் பிரித்த தூண்மேல் சாலையைப் பின்னால் பூமிக்கடியில் கொண்டுபோய்விட்டார்கள். மேலே 2008-இல் பூங்கா திறந்தார்கள். இன்றைக்கு அந்தப் பழைய இத்தாலிய வீதிகளில் இரண்டு அறை வாங்க எந்த வங்கியும் சந்தோஷமாகக் கடன் தரும். தச்சர் வீட்டுப் பேரனுக்கு அந்தக் கடனைத் திருப்பிக் கட்டச் சம்பளம் போதாது.

வெஸ்ட் எண்டில் லொமாஸ்னி வே என்ற தெருவில் ஒரே ஒரு பழைய ஒண்டுக்குடித்தனக் கட்டடம் எப்படியோ இடிபடாமல் தப்பி நிற்கிறது. இரண்டு பக்கமும் வேறு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்ற நம்பிக்கையில் கட்டியது. அதனால் பக்கச் சுவர்களில் ஜன்னலைத் தேடத்தான் வேண்டும்.