பவர் ஸ்டீயரிங் ஆயில்

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில், பம்ப் உண்டாக்கும் அழுத்தத்தை ஸ்டீயரிங் அமைப்புக்குக் கொண்டுசேர்க்கும் எண்ணெய். பம்ப் தேயாமலும் ரப்பர் சீல்கள் காயாமலும் காப்பது இதுவே.

அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களில் உருவாக்கிய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங், 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் வழியாக விற்பனைக் கார்களுக்கு வந்தது. இன்றைய சிறிய கார்களில் பவர் ஸ்டீயரிங் பெரும்பாலும் மின்மோட்டாரால் இயங்குகிறது. அவற்றில் மாற்ற ஸ்டீயரிங் எண்ணெயே இல்லை.

பல வண்டிகள் டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்) எண்ணெயை ஏற்கும். ஹோண்டா தனக்கென ஓர் எண்ணெயை வகுத்துள்ளது. ஆகவே ஸ்டீயரிங் ஆயில் டாங்க் மூடியிலோ கையேட்டிலோ உள்ள பெயரே முடிவானது. பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் கெடும்.

மாற்றும் காலம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்; சில கையேடுகள் கெடுவே தருவதில்லை. சிவப்பு எண்ணெய் கறுத்தல், கருகிய வாடை, வளைவில் பம்ப் முனகுதல் ஆகியவை மாற்ற வேண்டியதன் அடையாளங்கள். அளவு குறைந்துகொண்டே போனால் அது கசிவு. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

மாற்றும்போது முன்சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துவர். டாங்குக்கு எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி, டாங்கில் அது மாட்டியிருந்த வாயை அடைத்து, ஹோஸைப் பாட்டிலில் விடுவர். எஞ்சினை அணைத்தபடியே ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்ப, பழைய எண்ணெய் வெளியேறும். டாங்க் வற்றாமல் புதியதை ஊற்றிவர வேண்டும். தெளிவாக வந்ததும் ஹோஸை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுத் திருப்பினால் காற்று வெளியேறும். அப்போது ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பி அழுத்திப் பிடித்திருந்தால் பம்ப் சூடேறும். நுரை அடங்கிய பின்னரே அளவுக்கோடு பார்க்கப்படும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டக் கூடாது.