தக்கலைப் பாடலும் தமிழ் எழுத்துருவும்

தக்கலையில் அடங்கியுள்ள மெய்ஞ்ஞானி பீர்முஹம்மது அப்பா (ரஹ்) அவர்களின் ஆண்டு விழாவில், ரஜப் மாதத்து இரவொன்றில் ஞானப்புகழ்ச்சி விடிய விடியப் பாடப்படுவதை நாஞ்சில் நாட்டார் நன்கறிவர். வளைகுடாவில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் அதனைக் கைபேசி வழியே கேட்டுவிட்டு, "பாடல் வரிகளை அனுப்புங்கள், ஹஜ்ரத்" என்று வேண்டினார். என்னால் அனுப்ப இயன்றது பழைய பதிப்பின் நிழற்படங்களையே. அவர் படித்தார்; ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேட முயன்றபோது எதுவும் அகப்படவில்லை. கருவிக்கு அது எழுத்தன்று, படம்.

தமிழ் இணையத்தின் தொடக்கச் சிக்கலும் ஏறத்தாழ இதுவே. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று. அடுத்து எழுந்த தமிழ்த் தளங்கள் ஆளுக்கோர் எழுத்துருவைக் கையாண்டன; அதனைத் தம் கணினியில் நிறுவாதவர்க்குத் தமிழ் வெறும் கிறுக்கலாகவே தெரிந்தது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு இக்குழப்பத்தை ஒழுங்குபடுத்த முயன்றது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு 1991இலேயே தமிழுக்கும் இடம் தந்திருந்தது. எனினும் அன்று பரவலாக இருந்த விண்டோஸ் 98 அதனைத் தானாகக் காட்டாது.

இந்த இடைவெளியில் பாலமிட்டவர்களுள் ஒருவர் அதிராம்பட்டினத்து மர்ஹூம் உமர் தம்பி (1953–2006). துபாயில் பணியாற்றிய அவர் உருவாக்கிய 'தேனீ' இயங்கு எழுத்துரு, பக்கத்தைத் திறந்தவுடன் தானே வந்திறங்கி யூனிகோடுத் தமிழைக் காட்டிற்று; வாசகர் எதனையும் நிறுவ வேண்டியதில்லை. இதனை அவர் விலையின்றி வழங்கினார். 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி நடந்த இணைய மாநாட்டில் ஓர் அரங்கு அவர் பெயரைத் தாங்கியது. நம் சமுதாய ஏடுகள் அவரைப் பற்றி எழுதியது போதாது என்பதே என் எண்ணம்.

கைபேசிக்கும் தமிழ் விரைவில் வந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் வெளிவந்தது. பின்னர் முகநூலும் வாட்ஸ்அப்பும் பரவின.

எழுத்து நிலைபெற்றது, எழுதியவை நிலைபெறவில்லை. தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பல இருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. தமிழார்வலர் பல்லாண்டு விவாதித்த யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் நின்றன. இன்று நம் ஆலிம்களின் விளக்கங்களும் மஹல்லாச் செய்திகளும் வாட்ஸ்அப்பில் ஓடுகின்றன. அங்கே எந்தத் தேடுபொறியும் நுழையாது. கைபேசி பழுதானால் பலவும் அதனோடு போய்விடும். கறையானுக்கு ஓர் ஏட்டைத் தின்னவும் நாட்கள் வேண்டும்!

அரபுத்தமிழின் நிலை இதனினும் கவலைக்குரியது. தமிழ் ஒலிகளுக்கெனச் சில அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் அமைத்த அவ்வெழுத்தில் வந்த நூல்களுள் பல, கையால் எழுதிக் கல்லச்சில் ஏற்றியவை. அச்சிட்ட தமிழைப் படத்திலிருந்து எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் இன்று உள்ளன. தக்கலைப் பாடல்களுக்குச் சில திருத்தங்களுடன் அவையே போதும். கல்லச்சு அரபுத்தமிழுக்கோ, படிக்கத் தெரிந்த மனிதரே வேண்டும்.

எங்கள் கல்லூரி அலமாரியில் முதற்பக்கம் இழந்த அரபுத்தமிழ் நூலொன்று இருக்கிறது. ஒரு மாணவர் வாசிக்க மற்றொருவர் யூனிகோடுத் தமிழில் தட்டச்சிடுகிறார். இதுவரை பதினொரு பக்கங்கள் முடிந்துள்ளன. பன்னிரண்டாவதில் ஒரு சொல்லை எங்களில் எவராலும் படிக்க இயலவில்லை.