சூரியனின் சாம்பலும் அஸ்ஸே உப்புச் சுரங்கமும்

சித்திரை பிறக்குது எண்டால் சூரியன் மேட ராசிக்குள் வருகிறார். குசினியில் பொங்கினாலும் பல்கனியில் வைத்துத்தான் படைக்கிறோம். ஒருமுறை அப்படிக் கும்பிடேக்கை என் மகள் கேட்டாள்: "அப்பா, இவ்வளவு நெருப்பு எரியுதே, அதின்ர சாம்பல் எங்க போகுது?" நான் ஏ.எல். வரைக்கும் பௌதிகம் படித்தவன். அதோடு படிப்பு முடிந்தது, இப்போது ஜேர்மனியில் தொழிற்சாலை வேலை. ஆனாலும் பிள்ளையின் கேள்வியை விட மனம் வரவில்லை. தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறேன்.

சூரியன் நிலக்கரி போல எரிந்திருந்தால் சில ஆயிரம் வருடத்தில் அணைந்திருக்கும். அது சுருங்குவதால்தான் சூடு வருகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்சும் கெல்வின் பிரபுவும் சொன்னார்கள். அந்தக் கணக்குச் சில கோடி வருடத்துக்கு மேல் போகாது. பூமியிலுள்ள கற்களோ அதைவிடக் கிழடு. 1920இல் எடிங்டன் என்ற ஆங்கிலேயர் வேறு வழி காட்டினார். நாலு ஐதரசன் கருக்கள் சேர்ந்து ஒரு ஈலியம் கரு ஆகும்போது, நிறையில் ஆயிரத்தில் ஏழு பங்கு குறைகிறது. குறைந்ததுதான் வெயில். இப்படிச் சூரியன் ஒவ்வொரு செக்கனும் ஏறக்குறைய 40 லட்சம் தொன் நிறையைச் சக்தியாக மாற்றுகிறது.

இது எந்தெந்தப் படியில் நடக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஹான்ஸ் பெத்தே. 1906இல், அப்போது ஜேர்மனிக்குள் இருந்த ஸ்ட்ராஸ்பேர்க்கில் பிறந்தவர். தாய் யூத வழி வந்தவர் என்பதால் 1933இல் டியூபிங்கன் பல்கலைக்கழக வேலையிலிருந்து நாசிகள் நீக்கிவிட்டார்கள். இங்கிலாந்து போய், 1935இல் அமெரிக்கா சேர்ந்தார். எங்களைப் போல ஊர் விட்டு வந்த ஒருவர்தான் 1939இல் வெயிலின் கணக்கை எழுதி வெளியிட்டார்! அணுகுண்டு செய்த லொஸ் அலமோசிலும் அவர் முக்கிய பொறுப்பில் இருந்தார் என்பதை மறைக்கக் கூடாது. 1967இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1967இல்தான் அவரைத் துரத்திய நாட்டில் இன்னொரு வேலை தொடங்கியது. அணு உலையில் நடப்பது சூரியனில் நடப்பதற்கு எதிர்மாறு. அங்கே சிறிய கருக்கள் சேருகின்றன, இங்கே யூரேனியக் கரு பிளக்கிறது. பிளந்த துண்டுகள் கதிர்வீசும் சாம்பல். உலையில் உண்டாகும் புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 வருடம் வேணும். அதைக் கையாண்ட உடுப்பு, வடிகட்டி, குழாய் எல்லாமும் கழிவுதான். அப்படிப்பட்ட கழிவுப் பரல்களை நீடர்சக்சன் மாநிலத்தில் அஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் இறக்கினார்கள். ஆராய்ச்சி என்றுதான் பெயர். 1978 முடியும்வரை ஏறக்குறைய 1,26,000 பரல்கள் போயின. முதலில் அடுக்கினார்கள், பிறகு இயந்திரத்தால் உப்புச் சரிவில் கொட்டிவிட்டார்கள்.

உப்புக்குள் தண்ணி வராது என்பது அவர்களின் நம்பிக்கை. ஆனால் பக்கத்திலிருந்த அஸ்ஸே 1 சுரங்கம் 1906இலேயே வெள்ளம் புகுந்து கைவிடப்பட்டது. உப்புச் சாடியை மூடி வைக்கச் சொல்லுற என் அம்மாவைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பா. 1988 முதல் இந்தச் சுரங்கத்திலும் உப்புத்தண்ணி ஊறியது, நாளொன்றுக்கு 12,000 லீற்றர் அளவில். அதில் பெரும்பகுதியைக் கழிவைத் தொடமுன்னரே பிடித்து வெளியே எடுத்தார்கள்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. எங்கட வேலைத்தலத்தில் கழிவு எண்ணெய்ப் பரல் ஒண்டு வெளியே போறதெண்டால், என்ன, எப்ப, யார் நிரப்பினது எண்டு எழுதி ஒட்டவேணும். இல்லாட்டி லொறிக்காரன் ஏத்தமாட்டான். அஸ்ஸேயில் புளூட்டோனியம் ஒன்பதரைக் கிலோ அளவில் இருக்கு என்று பதிவு சொன்னது. 2009இல் திருப்பிப் பார்த்தால் 28 கிலோ! எண்ணெய்க்கு இருக்கிற கவனம் இதற்கு இல்லாமல் போச்சே.

2013இல் எல்லாவற்றையும் திரும்ப எடுக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2033இல் தொடங்குவதாகத் திட்டம் சொன்னது. அதற்குப் புதுச் சுரங்கக் கிணறு ஒன்று வெட்டவேண்டும். நாட்டின் கடைசி மூன்று அணுமின் நிலையங்களும் 2023 ஏப்ரல் 15, எங்கட வருடப்பிறப்புக்கு அடுத்த நாள், நிறுத்தப்பட்டன. அவற்றின் எரிந்த கோல்களுக்கு நிரந்தர இடம் இன்னும் தெரிவாகவில்லை. தடித்த இரும்புக் கலங்களில் தற்காலிகமாக நிற்கின்றன.

மகளுக்குச் சொன்னேன், சூரியனின் சாம்பல் பலூனுக்குள் அடிக்கிற ஈலியம்தான், அது சூரியனுக்குள்ளேயே கிடக்குது என்று. "அப்ப அந்தப் பரல் எல்லாம் ஆர் எடுக்கிறது?" என்றாள். மனிசர் கிட்டப் போகாமல் தூர நின்று இயக்கிற இயந்திரம் வேணும், அதைச் செய்யப் பார்க்கினம் என்றேன்.