மூக்கு வழியே ஒரு பாதை

நம் கண்களுக்குப் பின்னால், மண்டை ஓட்டின் அடித்தளத்தில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அதற்குள் பட்டாணி அளவில் உட்கார்ந்திருப்பது பிட்யூட்டரி சுரப்பி. அதில் கட்டி வளர்ந்தால், மேலே இருக்கும் பார்வை நரம்புகளை அழுத்தும். முதலில் பக்கப் பார்வை மங்கும். அப்படியே விட்டால் பார்வையே போய்விடலாம்.

இன்று இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றை மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். இது சமீபத்திய கண்டுபிடிப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் இந்த வழிக்கு வயது நூறுக்கு மேல்! நடுவில் அது ஏறக்குறைய செத்தே போயிருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

1907-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர், மூக்கையே வெட்டி ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு இந்தக் கட்டியை எட்டினார். 1910-ல் வியன்னாவின் மூக்கு மருத்துவர் ஆஸ்கர் ஹிர்ஷ், முகத்தில் கத்தி படாமல் நாசித் துவாரம் வழியாகவே சென்றார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் மேலுதட்டுக்கு அடியில் கீறி உள்ளே போனார். 1910 முதல் 1925 வரை அவர் இப்படிச் செய்தவை 231. இறப்பு 5.6 சதவீதம்தான். ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்படிப்பட்ட குஷிங்கே 1920-களின் இறுதியில் இந்த வழியைக் கைவிட்டார். ஏன்? பாதை குறுகல், ஆழம் அதிகம், வெளிச்சம் போதாது. மண்டையைத் திறந்தால் பார்வை நரம்பைக் கண்ணால் பார்த்தபடியே வேலை செய்யலாம். குஷிங் விட்டதும் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள்.

விடாதவர்கள் மிகச் சிலர். ஹிர்ஷ் ஒருவர். இன்னொருவர், 1920-களில் குஷிங்கிடம் பயின்று எடின்பரோ திரும்பிய நார்மன் டாட். கருவியின் முனையிலேயே விளக்கு பொருத்திக்கொண்டு தொடர்ந்தார். 1956-ல் அவரிடம் பார்த்துக் கற்றவர் பாரிஸின் ஜெரார் கியோ. அறுவையின்போதே எக்ஸ்ரே திரையில் கருவி எங்கே போகிறது என்று பார்த்தார் இவர். இவரிடம் கற்ற மான்ட்ரியாலின் ஜூல் ஹார்டி, 1960-களில் நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார். நல்ல சுரப்பியை விட்டுவிட்டுச் சின்னக் கட்டியை மட்டும் எடுப்பது அதன் பிறகே சாத்தியமாயிற்று. 1990-களில் பிட்ஸ்பர்க்கில் ஜோ, கராவ் இருவரும் எண்டோஸ்கோப்பை மட்டுமே கொண்டு செய்து காட்டினார்கள். இன்று பிட்யூட்டரியைத் தாண்டி, மண்டை அடித்தளத்தின் வேறு சில கட்டிகளையும் இப்படி எடுக்கிறார்கள். சில கட்டிகளுக்கு மண்டையைத் திறந்தே ஆகவேண்டும் என்பதும் உண்மை.

குஷிங் எடுத்த முடிவு அன்றைக்குத் தவறில்லை என்றே எனக்குப் படுகிறது. பாதை சரியாகத்தான் இருந்தது, விளக்குதான் இல்லை. ஆனால் குருவே விட்டுவிட்டார் என்று டாட்டும் விட்டிருந்தால்? கியோவுக்குக் கற்றுத்தர எடின்பரோவில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்!